அருளில் இளைப்பாறுதல்: இரட்சணிய யாத்திரிகத்தை முன்னிட்டதோர் ஆராய்ச்சி

உயிர் வீடு பெறுதற்கு உயிரின் முயற்சி காரணமோ, இறைவன் திருவருள் காரணமோ என்னும் வினா சமயங்கள் யாவற்றினும் எழுவதொன்று. முயற்சியே காரணம் எனின், அருள் என்பதொரு சொல் மிகையாய்விடும். அருளே காரணம் எனின், நோன்பும் வழிபாடும் ஒழுக்கமும் எற்றுக்கு என்னும் கடா எழும். கிறிஸ்தவ சமயத்தார், அவருள்ளும் சீர்திருத்த சபையார், இதற்குக் கூறும் விடை யாவரும் அறிந்ததே. மனிதன் தன் நற்செயல்களுக்குப் பரிசாக மீட்சி அடைவதில்லை. இறைவன் இலவசமாக அளிக்கும் கிருபையை விசுவாசத்தாற் பற்றி, அதன்கண் இளைப்பாறுதலே மீட்சி என்பர்.

இதனைக் கேட்ட மாத்திரையே நம்மவர் பலர், "நம்பினாற் போதுமாம், ஒழுக்கம் வேண்டாவாம்" என்று எள்ளி ஒதுக்குவர். எள்ளல் மறுப்பாகாது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிற் பரபக்கத்தை முன்வைத்துச் சுபக்கத்தைப் பின்வைத்தார். பிறர் கொள்கையை அவரே தலையசைத்து உடன்படுமாறு எடுத்துரைத்த பின்னரே அதன்மேல் வினா எழுப்புதல் தக்கது என்பது அம்முறையால் நாம் கற்கும் பாடம். ஆகலின், இக்கொள்கையைத் தமிழிற் காவியமாக்கித் தந்த ஒரு நூலைக்கொண்டு, அதன் உள்ளீடு யாதென்று ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆரணியில் இருந்துகொண்டு இதனை ஆராய்தற்கு ஓரியைபும் உண்டு. ஸ்கடர் குடும்பத்தார் 1853ஆம் ஆண்டில் அமைத்த ஆர்க்காட்டு மிஷனுக்கு வேலூர், சித்தூர் என்னும் ஊர்களோடு ஆரணியும் தொடக்ககால நிலையமாக இருந்தது. அம்மிஷனை விடுத்தது அமெரிக்காவிலுள்ள டச்சுச் சீர்திருத்த சபை. அச்சபையின் அறிக்கை நூல்களுள் 1563ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் வினாவிடையும், 1618, 1619ஆம் ஆண்டுகளிற் கூடிய டார்ட் மாமன்றத்தின் தீர்ப்புக்களும் தலையாயவை. முயற்சியினும் கிருபையே முற்பட்டது என்பதை இவற்றினும் வலியுறுத்திக் கூறும் நூல்கள் அச்சமயத்தில் அரிய. அச்சபையின் வழிவந்தோர் 1947ஆம் ஆண்டிலே தென்னிந்தியத் திருச்சபையுட் கலந்தனர். ஆகவே நம் நெசவுத் தெருக்களுக்கு அயலே நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் கொள்கை இது. அயலாரின் கொள்கையை அறியாமலே அயலாராய் வாழ்வது கற்றார்க்கு அழகன்று.

இனி நூலைக் காண்பாம். இரட்சணிய யாத்திரிகம் இயற்றிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்கள் 1827ஆம் ஆண்டிலே திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில், வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். கம்பராமாயணத்திலே இளமையிலேயே ஊறியவர். சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியராய் அமர்ந்தவர், 1858ஆம் ஆண்டிலே சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் காவியம் 1894ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும், 3,700க்கு மேற்பட்ட பாடல்களும் உடையது. 1900ஆம் ஆண்டிலே அவர் மறைந்தார்.

அக்காவியத்துக்கு முதனூல் ஆங்கில நாட்டு ஜான் பனியன் எழுதிய மோட்சப் பிரயாணம். பனியன் பாத்திரங்களுக்குப் பற்றுவைத்துச் செப்பனிடும் தொழிலாளர். அரசு இசைவின்றிச் சமயம் போதித்தமைக்காக 1660ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டாண்டளவு சிறையிருந்தவர். அவர் நூலின் முதற்பாகம் 1678ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதையாவது: ஒருவன் தன் முதுகிலே ஒரு பாரத்தைச் சுமந்து அழுதுகொண்டு நிற்கிறான். அப்பாரம் அவன் செய்த பாவம். அதனை இறக்கும் வழி அறியாமல் தன் ஊரைவிட்டுப் புறப்படுகிறான். பல இடர்களைக் கடந்து வான்நகர் சேர்கிறான்.

இக்கதையில் நம் ஆராய்ச்சிக்கு உரிய இடங்கள் நான்கு.

முதலாவது, வழியிலே உலக ஞானி ஒருவன் எதிர்ப்பட்டுக் கூறும் அறிவுரை. "ஒழுக்கபுரி என்றோர் ஊர் அண்மையில் உள்ளது, அங்கே நியாயவாதி என்பான் ஒருவன் இப்பாரங்களை இறக்குவதில் வல்லவன்" என்னும் பொருள்பட அவன் கூற, யாத்திரிகன் நேர்வழி விட்டு அவ்வழி சென்றான். செல்லச் செல்லப் பாரம் முன்னினும் கனத்தது. மலையொன்று தலைமேற் கவிழ்வதுபோல் அச்சுறுத்தியது. அம்மலை கட்டளைகள் அருளப்பட்ட சீனாய் மலையின் குறி. விதியை நிறைவேற்றி விடுதலை பெறுவேன் என்று முனைபவனுக்கு அவ்விதியே சுமையாகும் என்பது கருத்து.

இரண்டாவது, சிலுவையைக் கண்ட இடம். அங்கே யாத்திரிகன் பாரத்தை அவிழ்க்கவுமில்லை, எறியவுமில்லை. அவன் நோக்கி நின்ற அளவில் அது தானே கழன்று உருண்டு, அருகிலிருந்த கல்லறையினுள் வீழ்ந்து மறைந்தது. வானோர் மூவர் வந்தனர். ஒருவர் பாவம் மன்னிக்கப்பட்டது என்றார். ஒருவர் கந்தையைக் களைந்து புத்தாடை உடுத்தினார். ஒருவர் நெற்றியிற் குறியிட்டு, முத்திரையிட்ட சுருள் ஒன்றைக் கையிற் கொடுத்தார்.

இத்துடன் நூல் முடிந்திருப்பின், நம்மவர் எள்ளலுக்கு இடமுண்டு. முடியவில்லை. சிலுவையைக் கடந்து அவன் சிறிது தொலைவு சென்ற அளவிலேயே, காலில் விலங்கு பூண்ட மூவர் உறங்கிக்கிடப்பதைக் காண்கிறான். பேதைமை, சோம்பல், துணிச்செருக்கு என்பன அவர் பெயர்களின் பொருள். எழுப்பியும் அவர்கள் எழவில்லை. இது மூன்றாவது இடம்.

நான்காவது, அவன் ஏறிய துன்ப மலை. அதன் நடுவே இளைத்தார் தங்குதற்கென்று மலையின் தலைவன் அமைத்த பந்தர் ஒன்று உண்டு. யாத்திரிகன் அதில் அமர்கிறான், அமர்ந்தவன் அயர்கிறான், அயர்ந்தவன் உறங்குகிறான். உறக்கத்திலே கையிலிருந்த சுருள் நழுவிவிடுகிறது. பின்னர் அதனைத் தேடிவந்து, ஏறிய வழியையே மீண்டும் ஏற வேண்டியவன் ஆகிறான். பந்தர் தலைவன் கொடுத்தது, இளைப்பாறுதல் குற்றமன்று, உறங்கியதே குற்றம். இளைப்பாறுதலுக்கும் உறக்கத்திற்கும் உள்ள வேற்றுமையை இதனினும் எளிதாய் உணர்த்தல் அரிது. அருளில் அமர்தல் கையிற் பெற்றதைக் கைவிடாதிருத்தல். உறங்குதல் பெற்றதை நழுவவிடுதல்.

பாரம் இறங்கிய பின்னரே மலை ஏறுதல் வருகிறது என்பதையும் கருதுக. ஏறினமையாற் பாரம் இறங்கவில்லை; இறங்கினமையால் ஏற முடிந்தது. வைணவருள் மர்க்கட நியாயம், மார்ச்சார நியாயம் என இரண்டு பேசப்படும். குரங்கின் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும்; பூனையின் குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். அம்மரபில் வந்த கிருஷ்ண பிள்ளையவர்களுக்கு இவ்வழக்குப் புதிதாய் இருந்திராது. பனியன் கதையோ குட்டியைக் கவ்வி எடுத்துவந்து மேட்டில் விட்டு, இனி நட என்கிறது. கவ்வி எடுத்ததற்குக் கூலி நடத்தலன்று; நடத்தல், கவ்வி எடுத்ததன் பயன்.

அற்றேல், இலவசமாய்க் கிடைப்பதென்றால் மாந்தர் ஒழுக்கங்கெட்டுப் போகாரோ எனின், இவ்வினாவை ஹைடல்பர்க் வினாவிடை 64ஆம் வினாவாகத் தானே எழுப்பிக்கொள்கிறது. உண்மை விசுவாசத்தாற் கிறிஸ்துவோடு ஒட்டப்பட்டோர் நன்றியின் கனிகளைத் தாராதிருத்தல் இயலாது என்பது அதன் விடைக் கருத்து. ஒட்டுமரம் கனி தருதற்குக் கட்டளை வேண்டா என்பது பெறப்படும். இன்னும் நுணுகிநோக்கின், அந்நூலின் அமைப்பே அதற்கு விடையாகும். 129 வினாக்களை அது மனிதனின் அவலம், அவன் விடுதலை, அவன் நன்றி என மூன்று பகுதியாக வகுக்கிறது. பத்துக் கட்டளைகளின் விரிவுரையை விடுதலைப் பகுதியில் வைக்கவில்லை. நன்றிப் பகுதியில் வைத்திருக்கிறது. விடுதலைக்குச் செலுத்தும் விலையாக ஒழுக்கம் அங்கே கருதப்படவில்லை. விடுதலை பெற்றவன் செலுத்தும் நன்றிக்கடனாகவே கருதப்படுகிறது. இதனை அறியாமல், ஒழுக்கம் வேண்டாச் சமயம் என்பார் அந்நூலை நோக்காதார் என்க.

இயேசுநாதர் உபதேசத்திலும் இவ்வொழுங்கே காணப்படும். வருந்திச் சுமை சுமப்போரைத் தம்பால் அழைத்து இளைப்பாறுதல் தருவேன் என்னும் கருத்துப்பட அவர் மொழிந்தது மத்தேயு சுவிசேஷத்துப் 11ஆம் அதிகாரத்தில் உள்ளது. அடுத்து அவர் கூறுவதோ தம் நுகத்தை ஏற்றுக்கொள்க என்பது. இளைப்பாறுதலும் நுகமும் ஒரே வாய்மொழியில் அடுத்தடுத்து வந்தன. நுகமின்றி மேயவிட்ட மாடு இளைப்பாறுவதுபோற் காணப்படினும், அது பிறர் கொல்லையிற் புகுந்து அடிபடும். தக்கவன் பூட்டிய நுகத்தின்கீழ்ச் செல்லும் மாடே அச்சமின்றிச் செல்லும்.

விசுவாசம் என்னும் சொல்லையும் சிறிது நோக்குவாம். அறிவால் ஒரு கொள்கையை ஒப்புக்கொள்ளுதல் என்றே பலர் இதற்குப் பொருள் கொள்வர். தமிழ்நாட்டுப் பேச்சிலோ உண்ட வீட்டை மறவாத உள்ளத்தை விசுவாசம் என்பர். சோறிட்டவன் வாயிலை விட்டு அகலாத நாயை விசுவாசமுள்ளது என்பர். கிறிஸ்தவ நூலோர் வேறு பொருளில் இச்சொல்லை எடுத்தாண்டிருப்பினும், தமிழர் செவியில் அது நன்றியையும் அகலாமையையும் தன்னுட் கொண்டே ஒலிக்கிறது. சொல்லே வினாவிடையின் மூன்றாம் பகுதியைத் தமிழருக்கு முன்னரே சொல்லிவிடுகிறது.

இனிக் காவிய நயத்தைக் கருதுவாம். பனியன் நூலில் இயேசுவின் பாடுகள் தனிவரலாறாக விரிக்கப்படவில்லை. சிலுவை ஒரு மேட்டில் நிற்கிறது, அவ்வளவே. அந்நாட்டுப் படிப்போர் அவ்வரலாற்றை இளமையிலேயே கேட்டிருந்தனர். தமிழ்க்கவியோ குமார பருவத்திலே இரட்சணிய சரிதப் படலம் வகுத்து, விசாரணையும் இகழ்ச்சியும் சிலுவையும் கண்முன் நிகழுமாறு விரித்துப் பாடினார். இது வெறுங்கதைப்பெருக்கம் அன்று. ஒன்றன்பால் உள்ளம் உருகினாலன்றி அதனிடத்து இளைப்பாற இயலாது என்பதைத் தமிழ்க்கவி அறிந்திருந்தார். இடையிடையே தேவார முறையிற் பாடல்களை அமைத்ததும் இக்கருத்தினாலாம். நீதிமானாக்கப்படுதல் என்னும் வழக்குமன்றச் சொல்லைக் கேட்டு எவரும் கண்ணீர் வடிப்பதில்லை. நெக்குருகுதல் என்னும் வழியைத் தமிழ்ப் பத்தி நூல்களினின்று பெற்று அவர் அக்கொள்கைக்கு ஊட்டினார். 1900ஆம் ஆண்டிலே திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையரவர்களும் இவ்வுருக்கத்திலே தம் சமய உணர்வுக்கு உறவு கண்டவரே.

குறையும் கூறல் வேண்டும். பனியன் உரைநடை வழிநடப்பான் ஒருவனின் மூச்சைப்போல் இடையிட்டுச் செல்வது. விருத்தங்களின் பெருமிதமும் வருணனைகளின் பெருக்கமும் அம்மூச்சிரைப்பை மறைத்துவிடுகின்றன. பாரம் கழன்று விழும் நிகழ்ச்சிக்கு வேண்டுவது திடீரென்னும் தன்மை. காவிய நடை எதனையும் திடீரென நிகழவிடுவதில்லை. அரசவைக்கு ஏற்ற நடையில் ஓர் ஏழையின் விடுதலை பேசப்பட்டமையால், அவ்வேழைக்கு அது எட்டாதாயிற்று. கற்றார் போற்ற நூல் நின்றது. எளியார் வாயில் அதன் பாடல்களுட் சிலவே வழங்கின.

இனி நம் சித்தாந்தத்தோடு வைத்து ஒப்புநோக்குவாம். இருசாராரும் அருளையே முன்வைப்பர். வேற்றுமை முறைவைப்பிற்கண் உள்ளது. ஆரணியார் நன்கறிந்த பட்டின் தொழிலையே உவமையாகக் கொள்ளுவாம். கச்சாப் பட்டிலே இயற்கையாகவே ஒரு பசை உண்டு. புழு நூலை விடும்போதே நூலோடு ஒட்டி வருவது அது. பசை நீங்காத பட்டிற் சாயம் செவ்வனே பற்றாது, ஒளியும் தோன்றாது. சவர்க்காரமும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டுப் பசையைப் போக்குவர். அங்ஙனம் போக்குங்கால் எடையில் நூற்றுக்கு 20 முதல் 25 வரை குறையும். பட்டு தன் பசையைத் தானே உரித்துக்கொள்ளமாட்டாது. நூலோடு கூடவே தோன்றிய பசை ஆணவ மலத்துக்கும், கொதிநீர் திரோதான சத்திக்கும், பசை நெகிழ்தல் மலபரிபாகத்துக்கும், பின்னர்ச் சாயம் பற்றுதல் சத்திநிபாதத்துக்கும் ஒருபுடை ஒப்பாம். பசையைப் போக்கும் கொதிநீரும் அருளே. அது மறைந்து நின்று தொழிற்படும் அருள். சாயம் பற்றுங்கால் அதுவே வெளிப்பட்ட அருள். ஆகவே சைவமும் முயற்சியால் வீடு என்று கூறுவதன்று. சரியை முதலிய நான்கும் அருளை விலைகொடுத்து வாங்கும் பொருள்கள் அல்ல. அக்கொதிநீரை விட்டு அகலாது கிடத்தற்குரிய நிலைகள்.

சீர்திருத்த சபையார் கூறுவதோ வேறு. சிலுவையடியில் கந்தை களையப்பட்டுப் புத்தாடை உடுத்தப்பட்டது என்றோம். அவ்வாடை யாத்திரிகன் நெய்ததன்று. மற்றொருவருடைய நீதி அவனுக்கு ஆடையாகக் கொடுக்கப்பட்டது. உடல் கழுவப்படுமுன்னரே ஆடை உடுத்தப்பட்டது. கழுவுதல் பின்னர் வாழ்நாள் முழுதும் நிகழும். அதனை அவர் பரிசுத்தமாகுதல் என்பர். அவர்க்கு உடுத்தல் முன், கழுவுதல் பின். நமக்குக் கழுவுதல் முன், சாயம் பின். இதுவே இரண்டற்கும் உள்ள நுண்ணிய வேற்றுமை. அருளா முயற்சியா என்பதன்று.

இவ்வேற்றுமையினின்று அவர்பால் நாம் கேட்கத்தக்கது ஒன்று உண்டு. டார்ட் மாமன்றத்தார், இறைவன் தான் தெரிந்துகொண்டோரை மட்டுமே இவ்வாறு மீட்கிறான் என்றனர். அங்ஙனமாயின், ஏனையோர்க்கு ஆடை ஏன் இல்லை என்பதற்கு இறைவன் திருவுளம் என்பதன்றி விடையில்லை. நம் நூல்களோ பக்குவ வேறுபாட்டைக் காரணமாகக் கூறும். ஒரு பிறப்பில் நெகிழாத பசை பல பிறப்பில் நெகிழும். எந்த நூலும் எறியப்படுவதில்லை. கருணைக்குப் பக்கச்சார்பு கூறாமல் விடை தருவது எது என்பதைக் கற்றார் தேர்க. கிறிஸ்தவருள்ளும் டார்ட் தீர்ப்பை ஒப்பாதார் பலர் என்பதும் மறக்கற்பாலதன்று.

அவர் நம்பால் கேட்கத்தக்கதும் உண்டு; அதனை மறைத்தல் நேர்மையன்று. "உங்கள் நூல் அருளென்று கூறுகிறது; உங்கள் வழக்கமோ கூலிக் கணக்காக அன்றோ இருக்கிறது?" என்று அவர் வினவின், யாது விடை கூறுவோம்? முதலாளியிடம் பாவும் ஊடையும் பெற்று, சேலை ஒன்றுக்கு இவ்வளவு எனக் கூலி பேசி நெய்தல் தறிக்கு முறை. அம்முறையையே திருக்கோயிலுக்கும் கொண்டுசென்று, இத்தனை வலத்துக்கு இன்ன பயன், இத்தனை விளக்குக்கு இன்ன காரியம் என்று எண்ணுவார் நம்முள் எத்துணையர்! பயன் வாராதபோது, ஒருமுறை குறைந்ததோ என்று நெஞ்சு நடுங்குவாரும் உளர். நோயிற் கிடந்து நோன்பு நோற்க இயலாதவரும், கடனில் மூழ்கிப் பூசைக்குப் பொருளற்றவரும், இனி நமக்கு அருளில்லை என்று உள்ளுக்குள் அழுகின்றனர். அவர்கள் சுமக்கும் சுமை பனியன் யாத்திரிகன் ஒழுக்கபுரி வழியிற் சுமந்த சுமையே. நம் சமயம் அவர்களுக்கு இட்ட சுமையன்று அது, நாமாக ஏற்றியது.

அத்தகையோர்க்குச் சொல்லத்தக்க விடை நம் நூல்களில் நிறைந்துள்ளது. உமாபதி சிவம் திருவருட்பயனிலே பத்து அதிகாரங்களுள் அருளது நிலையையும் அருளுரு நிலையையும் முன்னர் வைத்து, அதன் பின்னரே அறியும் நெறியை வைத்தார். வழி கூறுமுன் அருள் கூறினமை கருதுக. மெய்கண்டதேவர் பத்தாஞ் சூத்திரத்திலே, யான் செய்தேன் என்னும் முனைப்பு அற்று இறைபணியில் நிற்றலைப் பாசநீக்கத்துக்கு வழியாக அருளினார். அங்கே கழல்வது செயலன்று. என் செயல் என்னும் சுமை. தாயுமானவர் முதலியோர் கூறிய சும்மா இருத்தலும் இதுவே. பன்னிரண்டாஞ் சூத்திரத்திலே மலங்கழன்ற ஞானியரும் அடியார் கூட்டத்தையும் ஆலயத்தையும் வழிபடுவர் என்றமையால், அவ்விருப்பு உறக்கமன்று என்பதும் விளங்கும். நாவுக்கரசர் முதுமையிலும் உழவாரப்படையைக் கீழே வைத்தாரல்லர். அருள் பெறுதற்குக் கூலிவேலையாக அவர் அதனைச் செய்யவில்லை, பெற்றமையாற் செய்தார்.

ஆதலின், பந்தரில் அமர்க. சுருளைக் கைவிடற்க என்பதே இரண்டு நெறிகளும் தத்தம் மொழியிற் கூறுவது. வேறுபடும் இடங்களை வேறென்றே கொண்டு, ஒன்றும் இடத்தை மறவாது போற்றுதல் நமக்கும் அவர்க்கும் நன்று. நோற்க இயலாது தளர்ந்தார் ஒருவரைக் காணின், கணக்குக் கேளாது, "அருள் உன்னை விட்டு நீங்கவில்லை, அதன்கண் சற்றே அமர்க" என்று கூறுதல் சிவநேசர் கடன்.

திருச்சிற்றம்பலம்.